மக்கள் மிகுந்தால் மண் காக்கப்படுமா?
ஒரு நூலாராய்ச்சி

நூலுக்குப் பெயரிடுதல் எளிய செயல் அன்று. நூலின் பொருள் முழுவதையும் தலைப்பு தாங்குதல் வேண்டும். பொருளை அது சுருக்கலாம், திரித்தல் ஆகாது. சில நூல்களின் தலைப்பு நூலினும் வேகமாகப் பரவிவிடுகிறது. நூலைப் படியாதவர்களும் தலைப்பைச் சொல்லி வாதிடுவர். நாளடைவில் அது பழமொழி போலவே வழங்கத் தொடங்கும். அவ்வாறு பழமொழியாகிவிட்ட தலைப்பு ஒன்றையும், அதன் பின்னே நிற்கும் நூலையும் ஈண்டு ஆராய்வோம்.

1994ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பெயர் ‘மோர் பீப்பிள், லெஸ் இரோஷன்’ என்பது. ‘மக்கள் மிகுதி, மண்ணரிப்புக் குறைவு’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். மேரி டிப்பன், மைக்கேல் மார்ட்டிமோர், பிரான்சிஸ் கிச்சுக்கி ஆகிய மூவர் அதனை எழுதினர். கிச்சுக்கி நைரோபிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். கென்யாவின் தலைநகராகிய நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள மச்சாக்கோஸ் என்னும் மாவட்டமே நூலின் களம். 1930 முதல் 1990 வரை, அறுபது ஆண்டுகளில் அம்மாவட்டத்து மண்ணுக்கும் பயிருக்கும் மக்களுக்கும் நேர்ந்தது என்ன என்பதே நூலின் பொருள்.

கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்து வேளாண்மையைப் பற்றி எழுதுவோர் எவரும் இந்நூலைத் தொடாமல் செல்வதில்லை. புகழ்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. முப்பது ஆண்டுகள் கடந்த பின்னர், மழையின் போக்கே மாறிவரும் இக்காலத்தில், அதனை மீண்டும் எடுத்துப் படிப்பது பயனுடையது. நூலின் குணமும் குறையும் இப்பொழுது முன்னினும் தெளிவாகப் புலப்படுகின்றன.

நிலமும் தீர்ப்பும்

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். மச்சாக்கோஸ் கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம். அதன் நடுவே இவெத்தி, ம்பூனி, கிலுங்கு முதலிய குன்றுகள் எழுந்து நிற்கின்றன. குன்றுகளில் மழை சற்று மிகுதி. தெற்கே தாழ்ந்து செல்லச் செல்ல நிலம் வறண்டுவிடும். ஆண்டில் இருமுறை மழை பெய்யும். மார்ச்சு முதல் மே வரை பெய்வதை நெடுமழை என்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதைக் குறுமழை என்றும் கூறுவர். பெயர் நெடுமழையாயினும், இப்பகுதி உழவர் பெரிதும் நம்புவது குறுமழையையே.

மண் பெரும்பாலும் செம்மண். மிகப் பழைய பாறைகள் சிதைந்து உண்டானது அது. நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் குறைவு. அதற்கு மற்றொரு குறையும் உண்டு. மேலே பயிரோ புல்லோ இல்லாமல் வெறுமையாகக் கிடந்தால், மழைத்துளி மோதியதும் அதன் மேற்புறம் ஓடுபோல் இறுகிவிடும். பின்னர் நீர் உள்ளே இறங்காது, சரிவில் வழிந்தோடும், ஓடும்போது மண்ணையும் உடன் கொண்டு செல்லும். பருவத்தின் முதல் மழை பெருமழையாக அமைந்துவிட்டால், வெறுங்காடாகக் கிடக்கும் வயல் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விடும்.

இந்நிலத்தில் வாழ்பவர்கள் அக்கம்பா என்னும் மக்கள். உழவும் கால்நடையும் அவர்கள் தொழில். பிரிட்டிஷ் ஆட்சி வந்தபின் அவர்களுக்கென ஒதுக்குநிலம் வரையறுக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதி வெள்ளையர் பண்ணைகளுக்குச் சென்றது. மற்றொரு பகுதி அரசின் நிலமாக அடைக்கப்பட்டது. மழை பொய்த்த காலத்தில் ஆடுமாடுகளை வேறிடம் ஓட்டிச் செல்லும் பழைய வழி அடைபட்டது. மக்களும் மாடுகளும் ஓரிடத்திலே நெருங்கினர், புல் தேய்ந்தது, மண் ஓடத் தொடங்கியது.

1937இல் காலின் மாகர் என்னும் மண்காப்பு அதிகாரி இந்நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். குன்றுகள் கல்லும் மணலுமாய்ப் பாலையாகி வருகின்றன. மக்களும் மாடுகளும் நிலம் தாங்கும் அளவை மிஞ்சிவிட்டனர் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் கண்ட அரிப்பு பொய்யன்று. அக்காலத்துப் புகைப்படங்களே அதற்குச் சான்று. ஆயினும் அவர் காட்டிய காரணம் பாதி உண்மையே. நிலத்தை வேலியிட்டவர் யார் என்ற கேள்வி அவ்வறிக்கையில் முன்னிற்கவில்லை. பழி உழவர் தலைமேல் விழுந்தது.

தீர்ப்பு வந்தபின் தண்டனை வராமல் இருக்குமா? 1938இல் அக்கம்பா மக்களின் மாடுகளைக் கட்டாயமாகக் குறைக்க அரசு முற்பட்டது. மாடுகளைப் பறித்து விற்கவும் தலைப்பட்டது. ஆத்தி ஆற்றங்கரையில் புதிதாக எழுந்த இறைச்சித் தொழிற்சாலை அவற்றை வாங்கக் காத்திருந்தது. மக்கள் பொறுக்கவில்லை. முயிந்தி ம்பிங்கு என்பவர் தலைமையில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாய் நைரோபிக்கு நடந்து சென்று, ஆளுநரைக் காணவேண்டும் என்று நகரிலே தங்கிவிட்டனர். அரசு ம்பிங்குவை லாமு என்னும் கடற்கரைத் தீவுக்கு நாடு கடத்தியது. எனினும் கட்டாயத் திட்டம் கைவிடப்பட்டது. மண்ணைப் பற்றிய ஓர் அறிக்கை மக்களின் எழுச்சியில் போய் முடிந்த வரலாறு இது.

நூல் காட்டும் மாற்றம்

மாகரின் தீர்ப்பு உண்மையாயின், மக்கள் மேலும் பெருகிய பின்னர் மச்சாக்கோஸ் அழிந்தே போயிருத்தல் வேண்டும். நூலாசிரியர் மூவரும் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. 1930களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் மக்கள் இருந்தனர். 1989இல் அவர்கள் தொகை ஏறத்தாழ 14 இலட்சம். மக்கள் ஐந்து மடங்குக்கு மேல் பெருகினர். மண் என்ன ஆயிற்று?

நூலில் பழைய படங்களும் புதிய படங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. 1937இல் எந்த இடத்தில் நின்று படம் எடுக்கப்பட்டதோ அதே இடத்தில் நின்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் எடுத்திருக்கிறார்கள். முன்னைய படத்தில் மொட்டைக் குன்று. பள்ளமாய்ப் பிளந்த சரிவு. பின்னைய படத்தில் அதே குன்றில் படிப்படியாய் வயல்கள், வேலிகள், மரங்கள், வீடுகள். நூலின் வாதம் முழுவதையும் இந்தப் படங்களே சொல்லிவிடுகின்றன எனலாம். ஓர் ஏக்கர் நிலத்தின் விளைவு பன்மடங்கு உயர்ந்ததாகவும், ஆளொருவருக்குரிய விளைபொருளின் மதிப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனதாகவும் அவர்கள் கணக்கிடுகின்றனர்.

இம்மாற்றத்தின் கருவி ‘ஃபான்யா ஜூ’ என்பது. ‘மேலே செய்’ என்பது இந்தச் சுவாகிலிச் சொல்லின் பொருள். சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், நீண்ட பள்ளம் ஒன்று தோண்டுவர். தோண்டிய மண்ணைக் கீழே தள்ளாமல் மேற்புறமாக வீசி வரப்பாக்குவர். மேலிருந்து வழிந்து வரும் நீர் அவ்வரப்பில் தங்கி மண்ணுக்குள் இறங்கும். அந்நீர் கொணரும் மண் வரப்பின் பின்னே படியும். ஆண்டுகள் சில சென்றால் சரிவு தானே படிவயலாகிவிடும். வரப்பின்மேல் புல் நடுவர். அது வரப்பையும் காக்கும், மாட்டுக்குத் தீனியும் ஆகும். பள்ளத்தில் வாழையும் பப்பாளியும் வைப்பவரும் உண்டு. மண்வெட்டியும் கூடையும் போதும். பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மேல்நோக்கி மண் வீசுவது முதுகை ஒடிக்கும் வேலை.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? ‘ம்வெத்யா’ என்பது அக்கம்பா மக்களின் பழைய கூட்டுழைப்பு முறை. அண்டை அயலார் கூடி இன்று ஒருவர் நிலத்திலும், நாளை மற்றொருவர் நிலத்திலும் வேலை செய்வர். ஆண்கள் பலர் சம்பள வேலைக்கு நைரோபி சென்றுவிட்டதால் இக்குழுக்களில் பெண்களே மிகுதி. மச்சாக்கோஸின் படிவயல்களைப் பெண்களின் கை வேலை என்றே சொல்லவேண்டும்.

இதில் நூல் எடுத்துக்காட்டும் ஒரு செய்தி கருதத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அரசு மக்களைக் கட்டாயப்படுத்திப் படிநிலம் அமைக்கச் செய்தது. 1963இல் கென்யா விடுதலை பெற்றதும் பலர் அந்த வேலையைக் கைவிட்டனர். அடிமைக்காலத்து வேலை என்ற வெறுப்பு அதற்குக் காரணம். ஆனால் சில ஆண்டுகள் கழிந்தபின் யாரும் ஏவாமலே மீண்டும் தொடங்கினர். இம்முறை தம் நிலத்தில், தம் விருப்பப்படி செய்தனர். 1950களில் காப்பி பயிரிட ஆப்பிரிக்கர்க்கு உரிமை கிடைத்திருந்தது. காப்பிக்கும், நைரோபிச் சந்தைக்குச் செல்லும் காய்கனிகளுக்கும் நல்ல விலை இருந்தது. ஆதலின் மண்ணைக் காப்பது கைமேல் பயன் தரும் முதலீடாயிற்று.

நூலின் சிறப்பு

மக்கள் பெருகினால் உணவு பற்றாது என்னும் அச்சத்தை 1798இல் மால்தஸ் அறிவித்தார். அக்கருத்துக்கு எதிராக 1965இல் எஸ்டர் போசரப் என்னும் அம்மையார் எழுதினார். மக்கள் நெருங்கும்போது உழவர் கைகட்டி நிற்பதில்லை. புதிய முறைகளைக் கண்டு உழைப்பைப் பெருக்கி விளைவை உயர்த்துவர் என்பது அவர் கொள்கை. மச்சாக்கோஸ் நூல் போசரப் கொள்கைக்கு ஒரு மாவட்டத்தின் அறுபது ஆண்டு வரலாற்றைச் சான்றாக நிறுத்தியது.

இந்நூலின் முதற் சிறப்பு அதன் பொறுமை. ஓராண்டு கண்ட காட்சியை வைத்து முடிவு கட்டாமல், ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலத்தை அளந்து பார்த்தது. இரண்டாம் சிறப்பு, உழவரை அறிவுடையோராக மதித்தது. எந்த முறை தமக்கு ஏற்றது, எது ஏலாதது என்று அவர்களே ஆய்ந்து தேர்ந்தனர் என்பதை அது சான்றுகளுடன் காட்டியது. அதிகாரிகள் கற்பித்த பழைய குறுகிய வரப்புகளைக் கைவிட்டு ஃபான்யா ஜூவைப் பரப்பியவர் உழவரே. மூன்றாம் சிறப்பு எல்லாவற்றினும் பெரியது. ‘உன் பெருக்கமே உன் மண்ணின் அழிவு’ என்று ஒரு மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த பழியை அது நீக்கியது. ஓர் ஆராய்ச்சி நூல் செய்யக்கூடிய நற்செயல்களில் இதனினும் உயர்ந்தது யாதுளது?

நூலை வணங்கி வரவேற்ற பின்னரே நம் தடைகளைக் கூறுதல் முறை. தடைகள் மூன்று.

முதல் தடை: எந்த மக்கள்?

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்லிவிடுவது அது. மச்சாக்கோஸ் நூலில் இக்குற்றம் உண்டோ இல்லையோ, அதன் தலைப்பில் ஐயமின்றி உண்டு.

‘மக்கள் மிகுதி’ என்கிறது தலைப்பு. மக்கள் மிகுந்ததுதான் மண்ணைக் காத்ததா? மச்சாக்கோஸ் நகர் நைரோபியிலிருந்து 60 கிலோமீட்டர் அளவிலே உள்ளது. சந்தை அருகில், சம்பள வேலை அருகில். நைரோபியில் வேலை செய்யும் கணவனோ மகனோ அனுப்பும் பணம் மண்வெட்டி வாங்கியது, கூலி கொடுத்தது, கறவை மாடு வாங்கியது. 1974 முதல் ஸ்வீடன் அரசின் உதவியும், 1978 முதல் ஐரோப்பியச் சமூகத்தின் உதவியும் வந்தன. மேலும், முன்பு அரசு நிலமாக அடைபட்டுக் கிடந்த வறள்நிலங்கள் போருக்குப் பின்னர் மெல்ல மெல்லக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டன. மிகுந்த மக்களிற் பலர் அங்கே சென்றனர். ஆகவே, மக்கள் பெருகிய அதே நிலம் மட்டுமே அவர்களைத் தாங்கியது என்று கருதுதல் பிழை. நூல் இவற்றை மறைக்கவில்லை, உள்ளே சொல்லியிருக்கிறது. ஆனால் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு செல்வோர் இவற்றை விட்டுவிடுகின்றனர்.

மேலும், சராசரி என்பது ஒரு திரை. அதன் முன்னே நிற்பவர் தெரிவர். பின்னே நிற்பவர் தெரியார். 1999இல் ஜான் மர்ட்டன் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்திரையை விலக்கிற்று. நகரத்துச் சம்பளம் வரும் குடும்பங்கள் நிலத்தில் முதலிட்டுச் செழித்தன. நிலமும் அவர்களிடம் மிகுதியாகச் சேர்ந்தது. அத்தகைய வருவாய் இல்லாத குடும்பங்கள் உரமிட வழியின்றி, குறைந்த விளைவிலே சிக்கிக்கொண்டன. ஒரே குன்றில், ஒரே வரப்பின் இருபுறத்திலும், இரு வேறு வரலாறுகள் நடந்தன என்பது இதனால் விளங்கும். டயேன் ரோஷெலோ என்பாரும் உடன் ஆராய்ந்தோரும் 1995இல் வேறு ஒரு குறையைச் சுட்டினர். ஒவ்வொரு காலத்திலும் வெளியார் வந்து அக்கம்பா நிலத்தில் தாம் தேடிய நெருக்கடியையே கண்டனர். மக்கள் நிலம் இழந்த வரலாற்றைக் காணவில்லை என்பது அவர்கள் கருத்து.

இரண்டாம் தடை: நின்ற மண்ணும் போன சத்தும்

மண் ஓடாமல் நின்றுவிட்டால் மட்டும் போதுமா? மண் என்பது பயிருக்குப் பாத்திரம் போன்றது. பாத்திரம் உடையாமல் இருப்பது ஒன்று. அதில் சோறு இருப்பது மற்றொன்று. வரப்பு பாத்திரத்தைக் காக்கும். சோற்றை யார் இடுவது?

ஒவ்வோர் அறுவடையும் மண்ணின் சத்தில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறது. தானியம் சந்தைக்குப் போனால் சத்தும் சந்தைக்குப் போகிறது. தட்டை மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பினால் ஒரு பங்கு மீளும். மாடில்லாத வீட்டில் அதுவும் இல்லை. ஸ்டூர்வோகல், ஸ்மாலிங் என்னும் இருவர் 1990இல் வெளியிட்ட கணக்கின்படி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க விளைநிலங்கள் 1980களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும், ஹெக்டேருக்குச் சராசரியாக 22 கிலோ நைட்ரஜனையும், 2.5 கிலோ பாஸ்பரசையும், 15 கிலோ பொட்டாசியத்தையும் இழந்துகொண்டிருந்தன. இட்டதைக் கழித்து, எடுத்ததைக் கூட்டிப் பார்த்த மீதி இது. சராசரிக்குரிய குறை இதற்கும் உண்டு. எனினும் போக்கு எத்திசையில் என்பதில் ஐயமில்லை. கென்ய மேட்டுநிலத்தில், மக்கள் நெருங்கி இடைவிடாது உழும் இடங்களில், இழப்பு இச்சராசரியினும் மிகுதி.

மண்ணரிப்பு கண்ணுக்குத் தெரியும், புகைப்படத்தில் விழும். சத்து போவது கண்ணுக்குத் தெரியாது. மச்சாக்கோஸின் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பசுமையான படிவயலைக் கண்டு மகிழ்வர். அவ்வயலின் மக்காச்சோளக் கதிர் எத்துணைச் சிறியது என்பதைப் படம் சொல்லாது. மண்வளத்தைப் பற்றி நூலாசிரியர்கள் ஆராயாமல் இல்லை. ஆனால் மண்ணின் நலம் என்பதை அரிப்பு என்னும் ஒரே சொல்லில் அளக்கும் தலைப்பை அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இங்கே துவரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மச்சாக்கோஸும் அதனைச் சூழ்ந்த வறள்நிலமும் கென்யாவில் துவரைக்குப் பெயர் பெற்றவை. அங்கு விளையும் துவரை இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. மக்காச்சோளத்துக்கு இடையே துவரையை ஊடுபயிராக விதைப்பர். மக்காச்சோளம் அறுவடையான பின்னரும் துவரை நிற்கும். அதன் வேர் ஆழமாக இறங்கி அடிமண்ணின் ஈரத்தைத் தேடும். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் வேர்முடிச்சுகளில் சேர்க்கும். உதிரும் இலை மண்ணுக்கு உரமாகும். ஏழை உழவரின் உரக்கடை துவரையே. ஆயினும் பாஸ்பரசை அது காற்றிலிருந்து பெறமுடியாது. அதற்குச் சாணமோ கடை உரமோ வேண்டும். அங்கேதான் மீண்டும் பணமுள்ளவர், இல்லாதவர் என்னும் பிரிவு வந்து நிற்கிறது.

மூன்றாம் தடை: மழை

1990இல் முடியும் ஒரு நூலை, அதன்பின் பொய்த்த மழைக்காகக் குறைகூறுதல் முறையன்று. ஆகவே இத்தடை நூலாசிரியர்க்கு உரியதன்று. அந்நூலை இன்றும் மாறா உண்மையாக எடுத்தாள்வோர்க்கே உரியது.

கிழக்காப்பிரிக்க மழையின் மூலம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அக்கடலின் மறுகரையில் வாழும் நாம் இதனை எளிதில் உணரலாம். கடலின் மேற்குப் பகுதி வெப்பமடைந்து, சுமத்திராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தால், ஆப்பிரிக்கக் கரையில் குறுமழை பெருமழையாகும். நம் பக்கத்தில் வறட்சி தோன்றும். 1997இலும் 2019இலும் சுமத்திராக் காட்டுத்தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது வாசகர்க்கு நினைவிருக்கும். அதே ஆண்டுகளின் இறுதியில்தான் கென்யாவில் வெள்ளம் புரண்டது. நாம் புகையில் மூச்சுத் திணறிய காலமும், அவர்கள் படிவயல் உடைந்து நின்ற காலமும் ஒரே கடலின் இரு செயல்கள்.

இவ்வூசல் முன்னும் இருந்ததுதான். இப்பொழுது அதன் வீச்சு பெரிதாகி வருகிறது. 2020இன் இறுதி முதல் 2022இன் இறுதி வரை, கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஐந்து மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தன. கென்யாவின் கிழக்குப் பகுதியும் அதில் அடங்கும். 2023இல் வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் என்னும் ஆராய்ச்சிக் குழு இவ்வறட்சியை ஆய்ந்தது. மனிதர் உண்டாக்கிய வெப்பநிலை உயர்வு இத்தகைய வேளாண்மை வறட்சி நேரும் வாய்ப்பை ஏறத்தாழ 100 மடங்கு ஆக்கிற்று என்பது அதன் முடிவு. மழை குறைந்தது ஒருபுறம். பெய்த சிறு மழையையும் வெப்பம் உறிஞ்சிக்கொண்டது மறுபுறம். அவ்வறட்சி நீங்கியது எப்படி? 2023இன் இறுதியிலும், 2024இன் நெடுமழையிலும் வெள்ளமாக வந்து நீங்கியது.

வருங்காலத்தைப் பற்றி அறிஞர்களிடமே ஒரு புதிர் உண்டு. கணிப்பு மாதிரிகள் பலவும் கிழக்காப்பிரிக்காவில் மழை கூடும் என்கின்றன. ஆனால் 1980களுக்குப் பின்னர் பல ஆண்டுகள் நெடுமழை குறைந்தே வந்தது. இதனைக் ‘கிழக்காப்பிரிக்க முரண்’ என்றே அழைக்கின்றனர். உழவர்க்கு இப்புதிரின் பொருள் ஒன்றுதான். மழையின் மொத்த அளவை நம்பிப் பயிர் செய்ய இயலாது; அது வரும் முறை நம்பத்தகாததாகிவிட்டது.

ஃபான்யா ஜூ வறட்சிக்கு நல்ல துணை. சிறு மழையையும் வயலிலே நிறுத்தும். ஆனால் பெய்யாத மழையை எந்த வரப்பும் நிறுத்தாது. பெருவெள்ளத்திலோ மேல்வரப்பு உடைந்தால் அதன் நீர் அடுத்த வரப்பை உடைக்கும். ஆகவே வரப்பைப் பேணும் உழைப்பு ஆண்டுதோறும் தேவை.

பயிரின் கதையும் இத்தகையதே. கேழ்வரகின் தாயகம் கிழக்காப்பிரிக்க மேட்டுநிலம். அங்கிருந்தே அது பழங்காலத்தில் தென்னிந்தியாவுக்கு வந்தது. சோளமும் கம்பும் ஆப்பிரிக்கப் பயிர்களே. அவை வறட்சி தாங்குவன. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்த மக்காச்சோளம், இருபதாம் நூற்றாண்டில் அவற்றைப் பெரிதும் ஒதுக்கிவிட்டது. பறவைகள் அதனை அவ்வளவாக உண்பதில்லை, காவல் வேலை குறைவு, மாவாக்குவது எளிது. ஆனால் பூக்கும் தறுவாயில் இரு வாரம் நீரில்லையேல் மணி பிடிக்காது. மச்சாக்கோஸ் அருகே உள்ள கத்துமானி ஆராய்ச்சி நிலையம் 1960களில் விரைந்து முற்றும் மக்காச்சோள வகையை உருவாக்கிற்று. வறட்சி முற்றுமுன் கதிர் முற்றிவிடும். அரிய சாதனை அது. எனினும் தொடர்ந்து ஐந்து பருவம் பொய்த்தால் எந்த விதையும் தப்ப இயலாது.

நம் முடிவு

நூல் மாகரின் தீர்ப்பை மறுத்தது; அது சரியே. ஆனால் மாகரின் பழியும், இத்தலைப்பின் புகழும் ஒரே வழியில் உழவரைக் கைவிடக்கூடும் என்பதை நாம் உணரவேண்டும். ‘மக்களே மண்ணைக் கெடுத்தனர்’ என்போர் மாட்டைப் பறிக்க வருவர். ‘மக்கள் மிகுந்தால் மண் தானே காக்கப்படும்’ என்போர் உதவிக்கு வராமலே இருந்துவிடுவர். முதலாவது கொடுமை; இரண்டாவது நாகரிகமான கைகழுவல். இரண்டிலும் நிலத்தின் சுமை முழுவதும் மேல்நோக்கி மண் வீசும் பெண்ணின் முதுகிலே இறங்குகிறது.

பழைய மச்சாக்கோஸ் மாவட்டம் 1992இல் இரண்டாகப் பிரிந்தது. இன்றைய மச்சாக்கோஸ், மக்குவேனி ஆகிய இரு மாவட்டங்களிலும் சேர்த்து 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் இருந்தனர். மக்கள் மேலும் மிகுந்திருக்கின்றனர். தலைப்பின்படி மண் மேலும் நலம்பெற்றிருக்க வேண்டும். ஆனால் நிலம் மகன்களுக்குள் பிரிந்து பிரிந்து சிறு துண்டாகிவிட்டது. 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தம் முறிந்தபோது காப்பியின் விலையும் சரிந்தது. 2022இல் உரவிலை உலகெங்கும் ஏறியது. மழையும் நம்பிக்கை தருவதாக இல்லை. இவற்றில் எதுவும் உழவர் உண்டாக்கியதன்று.

உழவரும் சும்மா இருக்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மணலாறுகளின் குறுக்கே குறுஞ்சுவர் எழுப்புகின்றனர். சுவரின் பின்னே மணல் நிரம்பும். மணலின் இடைவெளிகளில் நீர் தங்கும். வெயில் அதனை எளிதில் உறிஞ்சாது. மழை நின்று பல மாதமானாலும் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். மணல் அணை எனப்படும் இதனையும் பெரும்பாலும் கூட்டுழைப்புக் குழுக்களே கட்டுகின்றன. நூலாசிரியர்கள் போற்றிய அறிவும் உழைப்பும் இன்றும் அங்கே குறையவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் சுவருக்கு வேண்டிய சிமெண்டைக் கூட்டுழைப்பு தந்துவிடாது.

ஆதலின் இந்நூலைப் படிக்கவேண்டும். ஆசிரியர்கள் வகுப்பிலும் எடுத்துச் சொல்லவேண்டும். மக்கட்பெருக்கம் என்றவுடன் அழிவு என்று முடிக்கும் பழைய பூகோளப் பாடத்துக்கு இது தக்க மாற்று. ஆனால் தலைப்போடு நிறுத்திவிடலாகாது. மக்கள் மிகுந்ததனால் மட்டும் மண் நிற்கவில்லை. நிலத்தில் உரிமையும், விளைவுக்கு விலையும், கையில் சிறிது பணமும், பருவத்தில் மழையும் சேர்ந்தபோது நின்றது. இந்நான்கில் ஒன்று நழுவினாலும் வரப்பு நிற்கும். அதன் பின்னே பயிர் நில்லாது.

1938இல் நைரோபிக்கு நடந்து சென்றவர்கள் தம் மாட்டைத் திருப்பிக் கேட்டனர். தம் மண்ணைப் பற்றிய தீர்ப்பில் தம்மையும் ஒரு சொல் கேட்கவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கையில் அடங்கியிருந்தது. மச்சாக்கோஸைப் பற்றி இனி எழுதப்படும் நூல் எதுவாயினும், அதன் தலைப்பை இடுமுன் அவர்களின் பேத்திகளைக் கேட்பது நன்று.